பிரிந்தது எதனால்?
'இருவர்' திரைப்படம் பற்றி

நட்பைப் பாடுவதில் நம் இலக்கியம் குறை வைத்ததில்லை. ஒருவரையொருவர் காணாமலே நட்புப் பூண்டு, வடக்கிருந்த கோப்பெருஞ்சோழனைத் தேடிப் பாண்டிநாட்டிலிருந்து வந்து, அவனைத் தொடர்ந்து தாமும் உயிர்நீத்த பிசிராந்தையாரை நாம் அறிவோம். செஞ்சோற்றுக் கடன் கழிக்கத் தம்பியரை எதிர்த்து நின்ற கன்னனையும் அறிவோம். நட்பின் முறிவைப் பாடியவர்கள்தாம் குறைவு. அது கடினமான பொருள். நட்புக்குக் காரணம் கேட்பாரில்லை. அது வாய்த்தது என்றாலே போதும். முறிவுக்கோ காரணம் சொல்லியாக வேண்டும். சொல்லாவிடில் கேட்பவர் மனம் அமைதி கொள்ளாது.

1997ஆம் ஆண்டு பொங்கலன்று வெளிவந்த 'இருவர்' ஒரு நட்பின் முறிவைக் கூறும் படம். மணிரத்னம் இயக்கியது, மோகன்லாலும் பிரகாஷ்ராஜும் நடித்தது, சந்தோஷ் சிவன் ஒளிப்பதிவு, ஏ.ஆர். ரகுமான் இசை. வெளியானபோது தமிழகத்தில் அது ஓடவில்லை. பின்னர் ஆண்டுகள் செல்லச் செல்ல, அறிந்தோர் போற்றும் படமாக அது உயர்ந்துவிட்டது. இன்று அதனைக் குறைகூறுவோர் அருகிவிட்டனர். இக்கட்டுரையில் நாம் சொல்லப்போவது, அப்படத்தின் நடிப்பு தமிழ்த் திரையில் காண்பதற்கரிய உயரத்தில் இருக்கிறது என்பதும், அதன் கதை அந்த உயரத்தில் பாதியைக்கூட எட்டவில்லை என்பதும்தான்.

கதையின் உருவரை நம்மில் பெரும்பாலோர்க்குத் தெரிந்ததே. வாய்ப்புத் தேடி அலையும் நடிகர் ஆனந்தன். பகுத்தறிவுக் கொள்கையும் தமிழ்ப் பற்றும் கொண்ட எழுத்தாளர் தமிழ்ச்செல்வன். இருவரும் நண்பராகின்றனர். ஒருவரது சொல்லும் மற்றவரது முகமும் சேர்ந்து வேலுத்தம்பி என்னும் தலைவரின் கட்சியை வளர்க்கின்றன. தலைவர் மறைந்தபின் தமிழ்ச்செல்வன் முதலமைச்சராகிறார். ஆனந்தன் பதவி கேட்கிறார், கிடைக்கவில்லை. கட்சியில் ஊழல் என்று குரலெழுப்புகிறார், விலக்கப்படுகிறார், தனிக்கட்சி கண்டு ஆட்சியைப் பிடிக்கிறார். இருவருள் ஒருவர் இறக்க, மற்றவர் இரங்கற்பாச் சொல்கிறார். பெயர்கள் மாறியிருப்பினும், எம்.ஜி. இராமச்சந்திரனையும் மு. கருணாநிதியையும் நினையாமல் இப்படத்தைப் பார்த்த தமிழர் எவரும் இருக்க முடியாது.

முதலில் நடிப்பு. அதனைச் சொல்லத் தொடங்கினால் நிறுத்துவது கடினம்.

மோகன்லால் இப்படத்தில் எம்.ஜி.ஆரைப் போலச் செய்து காட்ட முற்படவில்லை. குரலை மாற்றிக்கொள்ளவில்லை, கையசைவைக் கடன் வாங்கவில்லை. மேடைப் பலகுரல் கலைஞர்கள் நூறு முறை செய்து காட்டிவிட்ட அந்தப் புற அடையாளங்களை ஒதுக்கிவிட்டு, அகத்தே நிகழும் ஒரு மாற்றத்தை மட்டும் எடுத்துக்கொண்டார். பிறர் தம்மைப் பார்க்க வேண்டுமே என்று ஏங்கும் ஓர் இளைஞன், பிறர் தம்மைப் பார்த்துக்கொண்டே இருப்பதற்குப் பழகிப்போன ஒரு மனிதனாக மாறுவதுதான் அது. தொடக்கத்தில் அவர் கண்களில் ஓர் அலைச்சல் இருக்கிறது. யாரிடம் நின்றாலும் இவரிடம் வேலை கிடைக்குமா என்று கேட்பது போன்ற பார்வை. நடுப்பகுதியில் அந்த அலைச்சல் அடங்குகிறது. இறுதியில், அறையில் வேறு ஆளே இல்லாதபோதும் யாரோ பார்க்கிறார்கள் என்பது போலவே அவர் உட்காருகிறார், எழுகிறார், சிரிக்கிறார். இதற்கென்று ஒரு வசனமும் இல்லை. மெய்ப்பாடு என்று தொல்காப்பியர் குறித்தது இதைத்தான் என்று சொல்லத் தோன்றுகிறது.

பிரகாஷ்ராஜுக்கு வாய்த்தது வேறு வகைச் சோதனை. எழுத்தாளனின் வேலை கண்ணுக்குத் தெரியாத வேலை. ஒரு நடிகன் நடிப்பதைத் திரையில் காட்டலாம். ஒருவன் சிந்திப்பதை எப்படிக் காட்டுவது? கவிதைப் பகுதிகளில் ஒலிப்பது அவர் குரலன்று, அரவிந்த்சாமியின் குரல். தம் பாத்திரத்தின் உயிர்நாடியான சொற்களையே வேறொருவர் குரலில் விட்டுவிட்டு, முகத்தால் மட்டும் அவற்றுக்கு உரிமை கொண்டாட வேண்டிய நிலை அவருக்கு. அதனை அவர் நிறைவேற்றியிருக்கிறார். நண்பனின் புகழைக் கண்டு மகிழ்ந்துகொண்டிருக்கும்போதே, அம்மகிழ்ச்சியின் ஓரத்தில் சிறு நிழலொன்று விழுவதை அவர் கன்னத் தசையில் காட்டுகிறார். பொறாமை என்று அதற்குப் பெயரிட்டால் அது கொச்சையாகிவிடும். தாம் எழுதிய சொல்லுக்குப் பிறன் ஒருவன் கைதட்டல் பெறும்போது எழுத்தாளனுக்கு நேரும் ஒன்று அது, எழுதுவோர் அறிவர்.

இப்படத்துக்காகப் பிரகாஷ்ராஜுக்குத் தேசிய விருது கிடைத்தது. எந்த வகையில் தெரியுமா? சிறந்த துணை நடிகர் என்ற வகையில்! படத்தின் பெயரோ 'இருவர்'. அவ்விருவருள் ஒருவரைத் துணை என்று தேர்வுக்குழு தீர்ப்பளித்தது, அறியாமையா, படத்தை நுணுகிப் பார்த்ததன் விளைவா என்று நாம் பலமுறை எண்ணிப் பார்த்ததுண்டு.

மகளிர் பாத்திரங்களில் ரேவதியின் மரகதத்துக்குக் காட்சிகள் குறைவு. அக்குறைவிலும், கணவரது பெருவாழ்வின் புறக்கடையில் நின்று அதனைப் பார்த்துக்கொண்டிருக்கும் ஒரு பெண்ணை அவர் நமக்குத் தந்துவிடுகிறார். தபுவின் செந்தாமரை அறிவும் காதலும் ஒன்றாய் இயைந்தவள். 1994இல் உலக அழகியாகி, இப்படத்தின் வழியாகவே திரைக்கு வந்த ஐசுவரியா ராய், அடங்கிய புஷ்பவல்லியாகவும் அடங்காத கல்பனாவாகவும் இரு வேடங்களில் தோன்றுகிறார், இரண்டாவதுதான் உயிருள்ளது. நாசர் வேலுத்தம்பியாக வரும்போது, தலைவர் என்பவர் உரத்துப் பேசத் தேவையில்லை என்பது விளங்குகிறது.

இங்கே ஒன்றைக் கவனிக்கலாம். மோகன்லாலின் தாய்மொழி மலையாளம். ரேவதியும் கேரளத்தவர். பிரகாஷ்ராஜ் கன்னட நாட்டவர். தபு ஐதராபாத்தில் பிறந்தவர். ஐசுவரியா ராய் மங்களூரைச் சேர்ந்த துளுவக் குடும்பத்துப் பெண். தமிழ்ப் பற்றால் எழுந்த ஓர் இயக்கத்தின் கதையை நடித்துத் தந்தவர்களில் பலர் பிறமொழியினர். மோகன்லாலின் தமிழில் மலையாள வாடை அடிக்கிறது என்று அன்று முகஞ்சுளித்தவர்கள், எம்.ஜி.ஆரே கண்டியில் ஒரு மலையாளக் குடும்பத்தில் பிறந்தவர் என்பதை மறந்துவிட்டனர். வேற்றூரில் வாழ்ந்து, வேற்றுமொழியில் அலுவல் பார்த்து, வீட்டுக்குள் தமிழ் பேசும் நமக்கு இதில் வியப்பில்லை. ஒரு மொழியை நேசிக்க அம்மொழியில் பிறந்திருக்க வேண்டும் என்ற விதி எதுவுமில்லை.

இனிக் கதைக்கு வருவோம்.

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு ஞாயிற்றுக்கிழமை, நம் வீட்டில் உறவினர் சிலருடன் இப்படத்தை மறுபடியும் பார்த்துக்கொண்டிருந்தோம். இந்நகரிலேயே பிறந்து, இந்தியும் ஆங்கிலமும் படித்து, தமிழைக் காதால் மட்டுமே அறிந்த ஒரு பெண் எங்களுடன் இருந்தாள். படம் முடிந்ததும் அவள் கண்கள் கலங்கியிருந்தன. பிறகு கேட்டாள்: "எல்லாம் சரி, மாமா. அவர்கள் ஏன் பிரிந்தார்கள்?"

அறையிலிருந்த பெரியவர்கள் அனைவரும் ஒரே குரலில் பதில் சொல்லத் தொடங்கினோம். 1972 அக்டோபர் என்றார் ஒருவர். கணக்குக் கேட்டார், அதனால் விலக்கினார்கள் என்றார் மற்றொருவர். அதற்கு முந்தைய ஆண்டு மதுவிலக்கைத் தளர்த்தியதை எம்.ஜி.ஆர். ஏற்கவில்லை என்றார் ஒருவர். டில்லியின் கை இருந்தது என்றார் வேறொருவர். பேச்சு அரைமணி நேரம் நீண்டது. அதன்பின்தான் நமக்கு உறைத்தது: நாம் சொன்னவற்றில் பெரும்பகுதி படத்தில் இல்லை. அவ்வளவையும் நாம் நம் நினைவிலிருந்து எடுத்துப் படத்துக்குள் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தோம். நினைவு இல்லாத அந்தப் பெண்ணுக்குத் திரையில் தெரிந்தது, இரண்டு நல்ல மனிதர்கள், பெரிய கூட்டங்கள், ஒரு வருத்தம், அவ்வளவுதான்.

படத்தில் காரணமே இல்லையா என்று கேட்கலாம். உண்டு, பதவி மறுக்கப்பட்டது, ஊழல் குற்றச்சாட்டு எழுந்தது. ஆனால் என்ன ஊழல், யாருடையது, அதனால் நொந்தவர் யார் என்பன எவையும் நம் கண்முன் நிகழவில்லை. ஆனந்தன் உண்மையாகவே நெஞ்சு கொதித்துக் கேட்டாரா, பதவி கிடைக்காத சினத்தில் கேட்டாரா என்பதும் தெளிவில்லை. இந்தத் தெளிவின்மையை நுட்பம் என்று பாராட்டுவோர் உண்டு. மனித மனத்தின் இருமையைக் காட்டுவது நுட்பந்தான். அதற்கு இரு பக்கங்களும் இருக்க வேண்டும் அல்லவா? தராசின் இரு தட்டிலும் ஒன்றும் வைக்காமல் முள் நடுவில் நிற்கிறது என்று வியப்பதில் பொருளில்லை.

சிலப்பதிகாரத்தை எண்ணிப் பாருங்கள். அதுவும் ஓர் அரசியல் கதைதான். அதில் ஒரு பேரரசன் வீழ்வதற்குக் காரணம் ஒரு சிலம்பு. அதனுள் இருந்தது முத்தா மாணிக்கமா என்ற கேள்வி. கையில் எடுத்து உடைத்துக் காட்டக்கூடிய ஒரு பொருளின் மேல் இளங்கோ தம் காப்பியத்தின் நீதியை நிறுத்தினார். கொல்லன் எப்படிப் பொய் சொன்னான், அரசன் எந்த மனநிலையில் அதைக் கேட்டான், ஆராயாமல் எப்படி ஆணையிட்டான் என்று படிப்படியாக நம்மை அழைத்துச் செல்கிறார். மதுரை எரியும்போது ஏன் எரிகிறது என்று எவரும் கேட்பதில்லை. 'இருவர்' படத்தில் அத்தகைய சிலம்பு ஒன்றில்லை.

வரலாற்றில் அதற்குப் பஞ்சமிருந்ததா? 1949இல் கட்சி பிறந்தது. 1953இல் எம்.ஜி.ஆர். அதில் சேர்ந்தார். 1965இல் மொழிப் போராட்டத்தில் மாணவர்கள் தெருவுக்கு வந்தனர், தமிழ்நாடே கொந்தளித்தது. 1967இல் ஆட்சி மாறியது. ரூபாய்க்கு ஒரு படி அரிசி என்ற வாக்குறுதி ஏழைகளின் உலைவரை சென்றது. 1969 பிப்ரவரியில் அறிஞர் அண்ணா மறைந்தார். 1971இல் கட்சி 184 இடங்களை வென்றது. அடுத்த ஆண்டே பிளவு. இவற்றுள் ஒவ்வொன்றும் இரு நண்பர்களை வெவ்வேறு பக்கம் இழுத்திருக்கக்கூடிய நிகழ்ச்சி. சொல்லை நம்பி வளர்ந்த இயக்கத்தில் முகத்துக்கு ஏன் இத்தனை மதிப்பு வந்தது? கொடிபிடித்துச் சிறைசென்ற தொண்டனும் திரையரங்க வாயிலில் தோரணம் கட்டிய ரசிகனும் ஒரே கட்சியில் எப்படி உடனிருந்தனர், எப்போது உடனிருக்க முடியாமற் போயினர்? ரசிகர் மன்றங்கள் ஒரு தனிக்கட்சியின் கிளைகளாக மாறத்தக்க வலிவை எப்படிப் பெற்றன? பிளவின் உண்மையான கதை இந்தக் கேள்விகளுக்குள்தான் இருக்கிறது. படம் இவற்றின் வாயில்வரை வந்து, உள்ளே நுழையாமல் ஒரு பாட்டுக்குத் திரும்பிவிடுகிறது. பாடல்கள் நல்லவை என்பது வேறு செய்தி.

மக்கள் படத்தில் வருகிறார்கள். ஆனால் மேலிருந்து பார்க்கப்படுகிறார்கள். நண்பனைத் தமிழ்ச்செல்வன் மாடிக்கு அழைத்துச் சென்று, கீழே கடலென நிற்கும் கூட்டத்தைக் காட்டும் காட்சி புகழ்பெற்றது. புகழ் தகும், அதிகாரம் என்றால் என்ன என்பதை அந்த ஒரு காட்சி கற்பித்துவிடுகிறது. அக்கூட்டத்திலிருந்து பெயரும் முகமும் பெற்று மனத்தில் நிற்கும் ஒரே ஓர் ஆள் படம் முழுவதும் நமக்குக் கிடைப்பதில்லை. தமிழர் அனைவரும் வேறுபாடின்றி ஒரு கூரையின் கீழ் அமர்ந்த முதல் கலைக்கூடம் திரையரங்கு என்று பேராசிரியர் கா. சிவத்தம்பி எடுத்துக்காட்டினார். தரையில் அமர்ந்து பார்த்த அந்த மனிதனுக்கு ஆனந்தன் என்னவாக இருந்தார் என்பது தெரிந்தால்தான், ஆனந்தன் ஏன் வென்றார் என்பதும் தெரியும். மாடியிலிருந்து பார்த்தால் தலைகள் மட்டுமே தெரிகின்றன.

இக்குறை எங்கிருந்து வந்தது என்பதற்கு விடை, இயக்குநரின் முந்தைய படங்களில் கிடைக்கிறது. 'ரோஜா'வில் காஷ்மீர்ச் சிக்கல் ஓர் இளந்தம்பதியரைப் பிரித்தது. 'பம்பாய்' படத்தில் 1992, 1993 கலவரங்கள் ஒரு குடும்பத்தின் மேல் விழுந்தன. இரண்டிலும் அரசியல் என்பது புயல்போல வருவது. புயல் ஏன் அடிக்கிறது என்று குடிசைக்காரன் ஆராய வேண்டியதில்லை; குடிசை என்னவாயிற்று என்பதே கதை. அம்முறை அப்படங்களுக்குப் பொருந்தியது. 'இருவர்' அப்படிப்பட்டதன்று. இதில் வரும் இருவர் புயலில் சிக்கியவர்கள் அல்லர், புயலை எழுப்பியவர்கள். எழுப்பியவர்களைப் பற்றிக் கதை சொல்லும்போது, எப்படி எழுப்பினார்கள், எதற்காக எழுப்பினார்கள் என்று சொல்லாமல் தப்ப முடியாது. இங்கும் இயக்குநர் பழைய முறையையே கையாண்டார். தம் கையால் செய்த அரசியலைத் தமக்கு நேர்ந்த விதியைப் போல இருவரும் சுமக்கிறார்கள். கதை ஆற்ற வேண்டிய கடமையை நடிப்பின் தலையில் ஏற்றிவிட்டார். காரணம் இருக்க வேண்டிய இடத்தில் ஒரு முகம் இருக்கிறது. அம்முகம் மோகன்லாலுடையதாகவோ பிரகாஷ்ராஜுடையதாகவோ இருப்பதால், காரணம் இல்லாதது உடனே தெரிவதில்லை.

இயக்குநர் தரப்பிலும் ஒரு வழக்குண்டு. படம் வெளிவந்தபோது மு. கருணாநிதி முதலமைச்சராக இருந்தார். எம்.ஜி.ஆர். மறைந்து பத்தாண்டுகூட நிறையவில்லை. வாழும் மனிதரைப் பற்றிப் படமெடுப்பவன் கையைக் கட்டிக்கொண்டுதான் நடக்க வேண்டும். உண்மைதான், இத்துணிவுகூடத் தமிழ்த் திரையில் அரிது. ஆயினும், பெயரை மாற்றிய அக்கணமே படைப்பாளிக்கு ஓர் உரிமை வந்துவிடுகிறது. நடந்ததைச் சொல்ல அச்சமானால், நடந்திருக்கக்கூடியதைப் படைத்துக்கொள்ளலாம். தமிழ்ச்செல்வனுக்கும் ஆனந்தனுக்கும் நடுவே ஒரு கற்பனைச் சட்டத்தை, ஒரு கற்பனை வழக்கை, ஏமாற்றப்பட்ட ஒரு தொண்டனை நிறுத்தியிருக்கலாம். வரலாற்றின் புறநிகழ்ச்சிகளை வரிசை மாறாமல் வைத்துக்கொண்டு, அகக் காரணங்களை மட்டும் நீக்கிவிட்டது விந்தையே. மதுரையிலோ தஞ்சையிலோ உட்கார்ந்து பார்ப்பவன் விடுபட்டதைத் தானே நிரப்பிக்கொள்வான் என்று எண்ணிவிட்டார் போலும். மாதுங்காவிலும் கரோல்பாகிலும் பிறந்த பிள்ளை எதைக்கொண்டு நிரப்பும்?

ஓர் ஒப்புமை சொல்லத் தோன்றுகிறது. இப்படம் எந்தத் தலைமுறையின் கதையைச் சொல்கிறதோ, அந்தத் தலைமுறை தானே எடுத்த படங்களுள் ஒன்று, 1952இல் வந்த 'பராசக்தி'. இன்று பார்த்தால் அதில் நாடக மேடையின் சாயல் அதிகம், பேச்சு மிகுதி, தற்செயல்கள் கணக்கிலடங்கா. 'இருவ'ரின் ஒளிப்பதிவுக்குப் பக்கத்தில் அதை நிறுத்த முடியாது. ஆனால் அதில் வாதம் இருந்தது. இரங்கூனிலிருந்து தாய்நாடு திரும்பும் ஒருவன், தன் தங்கை இருக்கும் ஊரில் பசியையும் வஞ்சனையையும் பக்தியின் பெயரால் நடக்கும் கொடுமையையும் கண்டு, நீதிமன்றத்தில் நின்று ஏன் என்று கேட்கிறான். வெளியூரிலிருந்து வந்தவனுக்குத்தான் அந்தக் கேள்வி எழுந்தது என்பதையும் நாம் இங்கே குறித்துக்கொள்ளலாம். அவ்வசனத்தை எழுதியவர் மு. கருணாநிதி. காரணம் கேட்பதையே தம் எழுத்தின் வேலையாகக் கொண்ட ஒருவரைச் சாயலாகக் கொண்டு ஒரு பாத்திரத்தைப் படைத்துவிட்டு, அவர் வாழ்வின் மிகப் பெரிய முறிவுக்குக் காரணம் சொல்லாமல் விட்டது இப்படத்தின் பெருங்குறை.

முடிவுப் பகுதியில், ஆண்டுகள் பல கழிந்து, ஒரு திருமணத்தில் நண்பர் இருவரும் சந்திக்கிறார்கள். பேச ஒன்றுமில்லை, பேச வேண்டியது நிறைய இருக்கிறது. இருவரும் அருகருகே அமர்ந்திருப்பதையே காட்சியாக்கி, மோகன்லாலும் பிரகாஷ்ராஜும் நம் நெஞ்சைப் பிழிந்துவிடுகிறார்கள். பின்னர் தமிழ்ச்செல்வன் தனியே நின்று நண்பனுக்கு இரங்கற்பாச் சொல்லும்போது அழாதவர் குறைவு. நாமும் அழுதோம், ஒவ்வொரு முறையும்.

கேள்வி கேட்ட அந்தப் பெண்ணுக்கு அன்று இரவு உணவுக்குப் பின்னும் நாம் கதை சொல்ல வேண்டியிருந்தது. 1949இலிருந்து தொடங்கினோம். நடுநடுவே எங்களுக்குள்ளேயே சண்டை வந்தது. ஒருவர் இந்தக் கட்சி, ஒருவர் அந்தக் கட்சி. அவள் சிரித்துக்கொண்டே கேட்டாள். இரண்டு வாரம் கழித்து, அந்தத் திருமணக் காட்சியை மட்டும் இன்னொரு முறை பார்க்க வேண்டும் என்றாள். போட்டுக் காட்டினோம். இருவரும் கைகோத்து அமர்ந்திருந்த இடம் வந்ததும், "இப்போது புரிகிறது, இவர் ஏன் நிமிர்ந்து பார்க்கவில்லை என்று" என்றாள்.

அவள் இருவருள் எவரைச் சொன்னாள் என்பதில் எங்களுக்குள் அடுத்த வாதம் தொடங்கிற்று.